கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் காபி ஆகிவிட்டது. உங்கள் கணவர் கூடத்தில் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முதல் பக்கம் பூராவும் ஒரு கார். மலை உச்சியில், மேகக் கூட்டத்துக்கு நடுவில், பளபளவென்று நிற்கிறது.

"இதைப் பார்த்தாயா? மின்சாரக் காராம்! ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடுமாம்!"

"மின்சாரமெல்லாம் இருக்கட்டும் அப்பா, ஹைபிரிட்தான் நல்லதாம்" என்கிறான் பிள்ளை. "எதுவானாலும் கூரையில் கண்ணாடி இருக்க வேண்டும்" என்கிறாள் பெண். ஊஞ்சலிலிருந்து உங்கள் மாமியார், "அதெல்லாம் சரி, ஏறி இறங்க முழங்கால் வலிக்காமல் இருக்குமோ?" என்று கேட்கிறார்.

நீங்கள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அம்மணி, இந்த இடத்தில்தான் தப்பு நடக்கிறது! இந்தப் பேச்சில் உருப்படியான கேள்வி கேட்டவர் உங்கள் மாமியார் ஒருவர்தான் என்பது என் அபிப்பிராயம். மற்றக் கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டும். பட்டுப் புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். முந்தானையைத் திருப்பிப் பார்க்கிறோம். பத்து, பதினைந்து லட்சம் கொட்டி, ஐந்து முதல் ஏழு வருஷம் வரை மாதா மாதம் தவணை கட்டப்போகிற ஒரு சாமானைப் படத்தைப் பார்த்தா தீர்மானம் செய்வது? காரை ஓட்டப்போகிறவர் நீங்களாகவே இருக்கலாம். இல்லாவிட்டாலும் தவணை போக மீதியில் குடும்பம் நடத்தப்போகிறவர் நீங்கள்தானே!

ஃபோர்டு வீட்டு அம்மாள்

மின்சாரக் கார் நேற்றுப் பிறந்த குழந்தை என்று நினைக்காதீர்கள். நூறு வருஷத்துக்கு முன்பே அது அமெரிக்கத் தெருக்களில் ஓடிற்று. அப்போது பெட்ரோல் காரைக் கிளப்புவது லேசான காரியம் அல்ல. முன்னால் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகிப் பலங்கொண்ட மட்டும் சுழற்ற வேண்டும். சில சமயம் அது பின்னுக்கு உதைத்துக் கையை முறித்துவிடும். மின்சாரக் காரிலோ புகை இல்லை, இரைச்சல் இல்லை, கைப்பிடி சுழற்றும் வேலை இல்லை. ஆகவே கம்பெனிக்காரர்கள் அதைப் பெண்களுக்கென்றே விளம்பரம் செய்தார்கள்.

பெட்ரோல் காரை லட்சக்கணக்கில் செய்து குவித்த ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா எந்தக் காரில் போனார் தெரியுமா? 1914-ஆம் வருஷத்து 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' என்ற மின்சாரக் காரில்! ஊர் முழுவதும் வீட்டுக்காரர் செய்த காரில் போகிறது. வீட்டுக்கார அம்மாள் போட்டிக் கம்பெனிக் காரில் போகிறார். அவருக்கு ஊருக்குள் போய்வர வேண்டும். அதற்கு எது சௌகரியமோ அதை வைத்துக்கொண்டார். கணவருடைய பெயர் பெரிதா, தம்முடைய தேவை பெரிதா என்று பார்த்தால், காரைப் பொறுத்தவரை தேவைதான் பெரிது.

1912-ல் காடிலாக் காரில் பொத்தானை அழுத்தினால் தானே கிளம்பும் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. பெட்ரோல் காரின் விலையும் இறங்கிற்று. மின்சாரக் கார் மெல்ல மெல்ல மறைந்தது. இப்போது திரும்பி வந்திருக்கிறது. கிளாரா அம்மாள் பார்த்த மாதிரியே நாமும் பார்ப்போம்.

மூன்று ரகம்

கடைக்காரர் பத்துப் பெயர் சொல்லி உங்களைத் திணற அடிப்பார். அடிப்படையில் ரகம் மூன்றுதான்.

முதலாவது, பெட்ரோலோ டீசலோ குடிக்கும் பழைய கார். சிக்னலில் நிற்கும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். பாத்திரம் இல்லாமல் காஸ் அடுப்பை எரியவிட்ட மாதிரி!

இரண்டாவது, ஹைபிரிட். இதில் பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மின்சார மோட்டாரும் உண்டு. சாமர்த்தியமான மாமியாரும் மருமகளும் ஒரே சமையற்கட்டில் வேலையைப் பகிர்ந்துகொள்வதுபோல, மெதுவாக ஊரும்போது மோட்டார் இழுக்கும். வேகம் வேண்டும்போது எஞ்சின் கை கொடுக்கும். பிரேக் போடும்போது வீணாகும் சக்தியைப் பிடித்து பாட்டரியில் சேர்த்துக்கொள்ளும். ப்ளக்கில் செருகவே வேண்டாம். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ்தான் இந்த ரகத்தை உலகத்துக்குப் பழக்கியது. நம் நாட்டில் 2022-ல் வந்த ஹோண்டா சிட்டி ஹைபிரிட், மாருதி கிராண்ட் விட்டாரா எல்லாம் இதே வம்சம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'மைல்டு ஹைபிரிட்' என்று ஒன்று உண்டு. அதில் உள்ள சின்ன மோட்டார் எஞ்சினுக்கு ஒத்தாசை செய்யுமே தவிர, தனியாகக் காரை இழுக்காது. "இந்தக் கார் மின்சாரத்தில் மட்டும் கொஞ்ச தூரமாவது ஓடுமா?" என்று கேளுங்கள். கடைக்காரர் பேச்சை மாற்றினால் விஷயம் புரிந்துவிடும்.

மூன்றாவது, முழு மின்சாரக் கார். எஞ்சினே கிடையாது. எஞ்சின் ஆயில் மாற்றும் வேலை இல்லை. ஆனால் தினமும் அல்லது இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை சார்ஜ் ஏற்றியாக வேண்டும்.

வரப்போகிறது, வரப்போகிறது!

"இன்னும் ஆறு மாதம் பொறு, புதுசு வருகிறது" என்று சொல்ல ஒரு மைத்துனர் எல்லா வீட்டிலும் உண்டு. அவர் சொல்வதிலும் பாதி உண்மைதான்.

நம் பக்கத்திலேயே எத்தனை நடந்திருக்கிறது, பாருங்கள். 2024 நவம்பர் 26-ல் மஹிந்திரா தன் இரண்டு புது மின்சாரக் கார்களுக்கு முதன்முதலாகத் திரை விலக்கியது நம் சென்னையில்தான். 2025 ஜனவரியில் ஹூண்டாய் கிரெட்டாவின் மின்சார உருவம் வந்தது. அது தயாராவது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம். 2025 ஆகஸ்டில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் கம்பெனி தூத்துக்குடியில் தொழிற்சாலை திறந்து, செப்டம்பரில் இரண்டு கார்களுக்கு விலையும் சொல்லிவிட்டது. உப்புக்கும் முத்துக்கும் பெயர்போன ஊர் மின்சாரக் காருக்கும் பெயர் வாங்கும்போல் இருக்கிறது.

ஆனால் கண்காட்சியில் நிற்கும் கார் வேறு, கடையில் நிற்கும் கார் வேறு. பெண் பார்த்துவிட்டுப் போனதற்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது! மாருதியின் இ விட்டாரா 2023 ஜனவரியில் மாதிரி உருவமாகக் கண்காட்சிக்கு வந்தது. குஜராத் தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கியது 2025 ஆகஸ்டில். டாட்டாவின் பழைய சியரா திரும்ப வரப்போவதாக 2020 கண்காட்சியில் மின்சார மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். 2025 நவம்பரில் விற்பனைக்கு வந்ததோ பெட்ரோல், டீசல் உருவங்கள். மின்சார உருவம் 2026-ல் என்றார்கள். கண்காட்சியில் பார்த்துவிட்டுக் காத்திருந்த குழந்தை ஒன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புக்குப் போயிருக்கும்!

ஆகவே வரப்போகும் காருக்காக அவசரத் தேவையைத் தள்ளிப்போடாதீர்கள். தேவையில்லாதபோது, வந்த அன்றே ஓடிப்போய் முன்பணமும் கட்டாதீர்கள். புது மாடல் வந்து ஆறு மாதம் ஆனால் அதன் குறைகள் தெருவுக்கு வந்துவிடும். 'அறிமுக விலை' என்று போட்டிருந்தால், அது எத்தனை நாளைக்கு, எத்தனை பேருக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது நோட்டை எடுங்கள்

பால் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு நோட்டுப் போடுங்கள். ஒரு மாதத்துக்குத் தேதி, போன இடம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேர் என்று எழுதுங்கள். ஆட்டோ, டாக்சி, ஸ்கூட்டர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் உங்கள் கார் எது என்று நோட்டே சொல்லும்.

மனக்கணக்காகவே போட்டுப் பார்ப்போம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் என்றால், கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 70 காசு ஆகிறது. ஹைபிரிட் 20 கிலோமீட்டர் கொடுத்தால் 5 ரூபாய். மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு சுமார் 6 கிலோமீட்டர் போகும். நம் வீட்டு மின்சாரத்தில் யூனிட் ஏற ஏற விகிதமும் ஏறுவதால், தாராளமாக யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 70 காசுதான். பெட்ரோலுக்கும் மின்சாரத்துக்கும் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் வித்தியாசம்!

உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். பெட்ரோல் காரைவிட மின்சாரக் கார் 4 லட்சம் ரூபாய் ஜாஸ்தி என்று வைத்துக்கொண்டு மூன்று வீடுகளைப் பாருங்கள்.

முதல் வீடு. பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, வெள்ளிக்கிழமை கோயில். மாதம் 300 கிலோமீட்டர். மிச்சம் மாதம் 1,500; வருஷத்துக்கு 18,000 ரூபாய். அதிகம் கொடுத்த 4 லட்சத்தை மீட்க 22 வருஷம் ஆகும்! பெண் கல்யாணமாகிப் பேத்தி பிறந்த பிறகுதான் லாபம். இந்த வீட்டுக்குச் சின்ன பெட்ரோல் கார் போதும். விலை குறைந்த சிறிய மின்சாரக் கார் கிடைத்து, வித்தியாசம் ஒரு லட்சம் அளவில் இருந்தால் மட்டும் மறுபடி யோசிக்கலாம்.

இரண்டாவது வீடு. கணவனும் மனைவியும் உத்தியோகம். போக வர தினம் 40 கிலோமீட்டர். மாதம் 1,000 கிலோமீட்டர். மிச்சம் மாதம் 5,000; வருஷத்துக்கு 60,000 ரூபாய். ஏழு வருஷத்துக்குள் பணம் திரும்பிவிடும். கார்க் கடன் முடியும் சமயமும் அதுதான். இந்த வீட்டுக்கு மின்சாரக் கார் பொருத்தம்.

மூன்றாவது வீடு. ஊருக்குள் அதிகம் அலைச்சல் இல்லை. ஆனால் வயதான தாயார் திருச்சியில் தனியாக இருக்கிறார். மாதம் இரண்டு தடவையாவது போயாக வேண்டும். இங்கே கணக்கு ரூபாயில் இல்லை. நள்ளிரவில் டெலிபோன் மணி அடித்து, "உடனே புறப்பட்டு வா" என்று சொன்னால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பாட்டரி அந்த நேரத்தில் காலியாக இருக்கக்கூடாது. இந்த வீட்டார் பெட்ரோலையோ ஹைபிரிட்டையோ நினைப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மின்சாரம்தான் வேண்டுமென்றால், எந்த இரவும் பாட்டரி பாதிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளும் ஒழுங்கு வேண்டும். ஹைபிரிட்டின் சிக்கனமும் நின்று நின்று போகும் ஊர்ப் போக்குவரத்தில்தான் ஜாஸ்தி. நெடுஞ்சாலையில் ஒரே ஓட்டமாகப் போனால் குறைவு என்பதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

சமயபுரத்தில் நிற்கலாமா?

விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரம் பரிசோதனைச் சாலையில் கிடைத்த தூரம். நம் தெருவில் ஏர்கண்டிஷன் ஓடும், பள்ளம் மேடு உண்டு, பின்னால் நாலு பேரும் அரிசி மூட்டையும் உண்டு. 2020-ல் வந்த டாட்டா நெக்ஸான் மின்சாரக் காருக்கு 312 கிலோமீட்டர் என்று சான்று இருந்தது. வாங்கி ஓட்டியவர்கள் பலருக்குக் கிடைத்தது 200 சொச்சம்தான். விளம்பரத் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்புவது உத்தமம்.

2025 ஜனவரியில் வந்த கிரெட்டா மின்சாரக் காரில் பெரிய பாட்டரிக்குச் சொன்ன தூரம் 473 கிலோமீட்டர். மூன்றில் இரண்டு பங்கு 315. சென்னையிலிருந்து திருச்சி ஏறக்குறைய 330. நடுவில் எங்கும் சார்ஜ் ஏற்றாமல் போனால், சமயபுரத்தாளைத் தரிசித்துவிட்டு அங்கேயே உட்கார வேண்டியதுதான்! விழுப்புரம் பக்கம் வேகமாக சார்ஜ் ஏற்றும் இடத்தில் நிறுத்தி, ஒரு மணி நேரம் டிபன் சாப்பிட்டுவிட்டுப் போவதாகத் திட்டம் போட்டால் கவலை இல்லை. வழியில் ஏற்றும் மின்சாரம் வீட்டைவிட விலை ஜாஸ்தி. இரண்டு பங்குகூட ஆகலாம்.

பாட்டரியின் அளவைக் 'கிலோவாட் அவர்' என்று சொல்லி மிரட்டுவார்கள். பயப்படாதீர்கள். ஒரு கிலோவாட் அவர் என்பது உங்கள் மின்சார பில்லில் வரும் அதே ஒரு யூனிட்தான். 40 யூனிட் பாட்டரியா? ஆறால் பெருக்குங்கள்: 240 கிலோமீட்டர். இதுதான் நம் வாய்ப்பாடு.

ப்ளக் எங்கே?

தனி வீடு என்றால் அதிருஷ்டசாலி. நல்ல எர்த் உள்ள 15 ஆம்பியர் ப்ளக்கில் மணிக்கு ஏறக்குறைய 3 யூனிட் ஏறும். 40 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 7 யூனிட் போதும். இரவு சாப்பாடு முடித்துச் செருகினால் தூங்கி எழுவதற்குள் ஆயிற்று. சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் சார்ஜர் இருந்தால் காலி பாட்டரியும் ஓரிரவில் நிரம்பும்.

அடுக்கு மாடி என்றால் கதை வேறு. கார் நிற்கும் இடத்துக்கு உங்கள் மீட்டரிலிருந்து கம்பி வருமா? பொது மின்சாரத்தில் செருகினால் மாடி வீட்டு அம்மாள் சும்மா இருப்பாரா? மின்சார வண்டியை வைத்திருப்பவர் வீட்டில் இருக்கும் இணைப்பிலிருந்தே சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின்சார அமைச்சகத்தின் வழிகாட்டி சொல்கிறது. இருந்தாலும் சங்கத்தாரின் சம்மதத்தைக் காகிதத்தில் வாங்கிய பிறகே காருக்கு முன்பணம் கட்டுங்கள். கார் வந்த பிறகு கேட்டால், நவராத்திரிக்கு நாலு வீட்டில் சுண்டல் வாங்க முடியாமல் போகும்! மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து நீட்டு ஒயர் தொங்கவிடும் யோசனையை யார் சொன்னாலும் அடியோடு மறுத்துவிடுங்கள். ஆபத்து.

மழைத் தண்ணீர் விஷயமும் இருக்கிறது. 2015-ஐயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். பாட்டரிப் பெட்டியைத் தண்ணீர் புகாமல் மூடித்தான் செய்கிறார்கள். ஆனாலும் முழுகிய காரை, எந்த ரகமானாலும், கிளப்பவும் கூடாது, சார்ஜ் ஏற்றவும் கூடாது. கம்பெனி ஆள் வந்து பார்க்க வேண்டும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, தண்ணீரால் பாட்டரி கெட்டால் பணம் உண்டா என்று கேட்டு, பதிலைப் பத்திரத்தில் காட்டச் சொல்லுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை

பாட்டரிக்கு எத்தனை வருஷம் உத்தரவாதம்? பல கம்பெனிகள் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் கொடுக்கின்றன. காரை விற்றால் அடுத்தவருக்கும் அந்த உத்தரவாதம் செல்லுமா? பழைய விலை கிடைப்பது இந்தப் பதிலில் இருக்கிறது.

வரி எவ்வளவு? 2025 செப்டம்பர் 22-ல் வந்த மாற்றத்தின்படி மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். 4 மீட்டர் நீளத்துக்கும் 1,200 சி.சி.க்கும் உட்பட்ட சின்ன பெட்ரோல் காருக்கு 18. அதைவிடப் பெரியதற்கு 40. ஹைபிரிட்டுக்கும் இதே அளவுகோல்தான்.

மாற்றுச் சக்கரம் உண்டா? மின்சாரக் கார்கள் சிலவற்றில் அது கிடையாது. பஞ்சர் ஒட்டும் சாமான் மட்டும் கொடுப்பார்கள்.

கடைசியாக, உங்கள் மாமியாரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். பாட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் சில கார்களில் பின்புறத் தரை உயர்ந்து, முழங்கால் தூக்கிக்கொண்டு நிற்கும். அவர் பின் சீட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்க்கட்டும். நீங்கள் புடவையோடு ஏறி இறங்கிப் பாருங்கள். பிறகு நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகையில் மறுபடி ஒரு கார். இந்தத் தடவை கடற்கரையில் நிற்கிறது. "இதைப் பார்த்தாயா?" என்கிறார் உங்கள் கணவர்.

வெங்காயத்தை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். நோட்டை எடுத்துப் பத்திரிகைமேல் வையுங்கள். "பார்த்தேன். நீங்களும் இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று சொல்லுங்கள்.

அப்புறம் பாருங்கள், வீட்டில் கார் பேச்சு எவ்வளவு சுருக்கமாக முடிகிறதென்று!